ஏழு மாதக் குழந்தையோடு கோவா 70.3: இப்போதே பதிவு செய்யலாமா?

ஊமச்சிகுளம் சைக்கிள்காரி:

வணக்கம். இங்கே வந்து படித்துவிட்டுப் போவதோடு சரி, எழுதுவது குறைவு. இந்த முறை கேட்டே ஆகவேண்டியிருக்கிறது.

2022-இல் கோவாவில் அயர்ன்மேன் 70.3, அதாவது அரை அயர்ன்மேன் டிரையத்லான் பந்தயம் முடித்தேன். கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். எட்டரை மணி நேரக் கெடுவுக்குள் பதற்றமில்லாமல் வந்து சேர்ந்தேன். நீச்சல் எனக்கு அலங்காநல்லூர்ப் பக்கம் அம்மாச்சி தோட்டத்துக் கிணற்றில் வந்தது. மாமா இடுப்பில் கயிற்றைக் கட்டி மோட்டார் ரூம் திட்டிலிருந்து தள்ளிவிட்டுக் கற்றுக்கொடுத்த நீச்சல் அது. அதனால் தண்ணீர் பயமில்லை.

போன செப்டம்பரில் பெண் குழந்தை. சிசேரியன். அரசுப் பள்ளியில் வேலை, ஒரு வருஷ மகப்பேறு விடுப்பு, வருகிற செப்டம்பரில் திரும்பப் போக வேண்டும். ஆறு வாரம் முடிந்து காட்டப் போனபோது டாக்டர் தையலைப் பார்த்துவிட்டு, "ஆறிடுச்சு, எப்பவும் செய்ற வேலையெல்லாம் செய்யலாம்" என்றார். எப்பவும் செய்கிற வேலையில் 90 கிலோமீட்டர் சைக்கிளும் சேர்த்தியா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

முதலில் நடந்தேன். பிப்ரவரியில் சைக்கிளை எடுத்தேன். நத்தம் ரோட்டில் ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று போகிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஓட்டத்தில்தான் சிக்கல். கண்மாய்க்கரை ரோட்டில் ஒரு கிலோமீட்டர் தாண்டினால் சிறுநீர் சொட்டுகிறது. தும்மினாலும் இதே கதைதான். இப்போது பேட் வைத்துக்கொண்டு கறுப்பு டைட்ஸ் போட்டு ஓடுகிறேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் மெதுவாகச் சொன்னால், "பிள்ள பெத்தா அப்படித்தான், எனக்கு இருபது வருஷமா இருக்கு" என்று சாதாரணமாகச் சொல்கிறார்.

இன்னொன்று பால். இரண்டு மணி நேரம் குனிந்து ஓட்டிவிட்டு வந்தால் மார் கல்லாகிவிடுகிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் குழந்தையைத் தூக்கப் போனால் அம்மா விடுவதில்லை. "சூட்டுப்பால் குடுக்காத, முதல்ல உக்காரு." நீச்சல் குளத்துப் பேச்சை எடுத்தாலே, "பச்ச உடம்பு, தண்ணியில கெடந்தா பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்கிறார். ஏழு மாதம் ஆகிவிட்டது, அவருக்கு இன்னும் பச்சை உடம்புதான்.

வீட்டுக்காரர் போ என்கிறார். மாமனார், "ஜெயிச்சா என்ன தருவாங்க?" என்று கேட்டார். பதக்கம் என்றேன். "யாருக்கு?" முடிக்கிற எல்லோருக்கும் என்றேன். அதற்கப்புறம் அவர் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பந்தயம் அக்டோபர், நவம்பர் வாக்கில் வரும். அப்போது பாப்பாவுக்கு ஒரு வயது தாண்டியிருக்கும். கட்டணம் கொஞ்சநஞ்சமில்லை. இப்போதே பணம் கட்டினால் அந்தப் பயத்திலாவது உடம்பு வழிக்கு வரும் என்று தோன்றுகிறது. கட்டலாமா? குழந்தை பெற்ற பிறகு நீண்ட தூரத்துக்குத் திரும்பியவர்கள், இந்தச் சொட்டுவதை என்ன செய்தீர்கள்?

கே.கே.நகர் பிசியோ:

பணம் கட்டுவதைப் பிறகு பார்க்கலாம். பேட் வைத்துக்கொண்டு ஓடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் பாதி சரி. இது நிறையப் பேருக்கு இருக்கிறது. அப்படியே கிடக்கட்டும் என்று விடுவதுதான் தப்பு. இடுப்பு எலும்புக்கூட்டின் அடியில் மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்கி நிற்கிற தசை ஒன்று இருக்கிறது. ஒன்பது மாதம் அதன்மேல் பாரம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. சிசேரியன் என்பதால் அது தப்பித்துவிடாது, என்னிடம் வருகிற பாதிப்பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு மடங்கு அளவுக்குத் தரையிலிருந்து உதை திரும்பி வரும். சைக்கிளில் அந்த உதை கிடையாது. சைக்கிள் சுகமாக இருப்பதும் ஓட்டம் காட்டிக்கொடுப்பதும் அதனால்தான்.

2019-இல் பிரிட்டனைச் சேர்ந்த மூன்று பிசியோதெரபிஸ்டுகள், பிரசவத்துக்குப் பிறகு ஓட்டத்துக்குத் திரும்புவது பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். பிரசவம் எப்படி நடந்திருந்தாலும் முதல் மூன்று மாதம் ஓட்டம் வேண்டாம் என்பது அதன் முதல் பேச்சு. மூன்று மாதம் முடிந்துவிட்டால் ஓடலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. உடம்பு சில சோதனைகளில் தேற வேண்டும். அரை மணி நேரம் நடக்க முடிகிறதா, ஒற்றைக்காலில் பத்து விநாடி ஆடாமல் நிற்க முடிகிறதா, ஒற்றைக்காலில் பத்து முறை பாதி உட்கார்ந்து எழ முடிகிறதா, நின்ற இடத்திலேயே ஒரு நிமிஷம் ஜாகிங், ஒவ்வொரு காலிலும் பத்து நொண்டி. இதெல்லாம் வலி இல்லாமல், சொட்டாமல், கீழே ஏதோ இறங்கி நிற்கிற மாதிரி பாரம் தெரியாமல் முடிய வேண்டும். கூடவே பலத்துக்கும் சோதனை உண்டு. உதாரணமாக, ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது இருபது முறை. வீட்டில் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு செய்து பாருங்கள். அந்தப் பாரம் தெரிந்தால் மட்டும் ஓட்டம், நொண்டி எதுவும் வேண்டாம், நேரே மகளிர் மருத்துவரிடம் போய்விடுங்கள். கருப்பையோ மூத்திரப்பையோ இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

தசைக்கான பயிற்சி எல்லோரும் கேள்விப்பட்டதுதான். காற்றுப் பிரிவதை அடக்குவது போல உள்ளே இழுத்துப் பிடிப்பது, பத்து விநாடி வரை. எட்டிலிருந்து பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. மூன்று மாதமாவது விடாமல் செய்யாமல் பலன் இல்லை என்று சொல்லாதீர்கள். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவது வேண்டாம், அது பயிற்சி ஆகாது. பிடிப்பதைப் போலவே முழுசாகத் தளர விடுவதும் முக்கியம். விளையாட்டுப் பழக்கம் உள்ள சில பெண்களுக்கு இந்தத் தசை ஏற்கெனவே இறுகித்தான் இருக்கும். அவர்கள் மேலும் இறுக்கினால் சொட்டுவது கூடும். அதனால் தெரிந்தவரிடம் ஒரு தடவை நேரில் காட்டிவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். வயிற்றின் நடுக்கோடு கூம்பாக மேலே எழும்புகிறதா? எழும்பினால் வயிற்றுத் தசை இன்னும் சேரவில்லை. ஏரோ பாரில் (ஹேண்டில்பாருக்கு முன்னால் முழங்கையை ஊன்றுகிற கம்பி) நீண்ட நேரம் குனிவதை ஒத்திப்போடுங்கள். நீச்சல் இந்தக் கட்டத்தில் உங்களுக்கு நல்லது, புண் ஆறிவிட்டது, பயமில்லை. தாய் குளத்தில் இறங்குவதால் பிள்ளைக்குச் சளி பிடிக்காது, அது கிருமியால் வருவது.

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச்சத்துக் கையிருப்பு), தைராய்டு மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 12-க்குக் கீழே ஹீமோகுளோபினை வைத்துக்கொண்டு நீண்ட தூரப் பயிற்சி செய்வது வீண் பாடு. சாப்பாட்டிலும் கை வைக்காதீர்கள். பால் கொடுக்கிற தாய்க்கு முதல் ஆறு மாதம் தினம் 600 கலோரி, அடுத்த ஆறு மாதம் 520 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கு. பயிற்சிக்கு ஆகிற செலவு இதற்கு மேலே. பிரசவ எடையையும் குறைக்கிறேன், 70.3-க்கும் தயாராகிறேன் என்று இரண்டையும் ஒரே சமயத்தில் பிடித்தால் எலும்பில் போய் முடியும்.

விருதுநகர் ரோடு ரைடர்:

தப்பாக நினைக்க வேண்டாம். கைக்குழந்தையை விட்டுவிட்டு இதெல்லாம் இப்போது அவசியமா? ஒரு இரண்டு மூன்று வருஷம் போகட்டுமே.

திருநகர் அம்மா:

மேலே கேட்ட தம்பிக்கு: போன வருஷம் கைக்குழந்தையோடு இருந்த ஒரு ரைடர் இதே இடத்தில் ஃபுல் அயர்ன்மேனுக்கு என்ன சைக்கிள் வாங்கலாம் என்று கேட்டார். அவர் அப்பா என்பதால் நீங்கள் கார்பன் ஃபிரேம் பற்றி மூன்று பத்தி எழுதினீர்கள். போய்ப் படித்துப் பாருங்கள்.

இப்போது தங்கச்சிக்கு. எனக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிறந்த பிறகுதான் 70.3 முடித்தேன், அதனால் பாலில் இருந்தே தொடங்குகிறேன்.

கிளம்புவதற்குச் சற்று முன்னால் கொடுத்துவிட வேண்டும். பாப்பா தூங்கினாலும் தூக்கத்திலேயே மடியில் போட்டுக் கொடுங்கள், அதுபாட்டுக்குக் குடிக்கும். குடிக்கவில்லை என்றால் பம்ப். பிறகு பிரா. பழைய ரேஸ் பிராவை இழுத்து மாட்டாதீர்கள், ஒரு சைஸ் பெரிது வாங்குங்கள். இறுக்கமான பட்டை அழுத்துகிற இடத்தில்தான் பால் கட்டும். மார் ஒரு பக்கம் சிவந்து, தொட்டால் வலித்து, காய்ச்சலும் வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள், நாள் கடத்த வேண்டாம். பம்ப் செய்த பாலை 25 டிகிரி வரை உள்ள அறையில் நாலு மணி நேரம் வைக்கலாம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். நம்ம ஊர்ச் சித்திரை மாதத்தில் 25 டிகிரி எங்கே இருக்கிறது? கறந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள், நாலு நாள் வரை தாங்கும். ஏழு மாதத்தில் பருப்புச் சாதம், கேழ்வரகுக் கூழ் ஆரம்பித்திருப்பீர்கள். போகப்போக இடைவெளி தானாகவே நீளும்.

சூட்டுப்பால் என்று எதுவும் இல்லை. பயிற்சியால் பால் கெட்டுப்போகாது, குறையாது. ஆனால் அம்மாவோடு சண்டைக்கு நிற்காதீர்கள். உட்கார்ந்து ஒரு செம்பு நீச்சத் தண்ணீர் குடித்து, வேர்வையைக் கழுவிவிட்டுக் கொடுங்கள். உங்களுக்கும் அந்தப் பத்து நிமிஷம் தேவை. பாப்பாவும் உப்புக் கரிக்காமல் குடிக்கும். பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் செய்துபோடுகிற கை அது, அதைப் பகைத்துக்கொண்டு யாரும் 70.3 முடிக்க முடியாது.

என் பெரிய பலம் டர்போ டிரெயினர்தான், சைக்கிளை அதில் மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கலாம். ஹாலில் தூளிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டேன். தூளிக் கயிறு இடது கையில், வலது கை ஹேண்டில்பாரில், கால் மிதித்துக்கொண்டே இருக்கும். மிதிக்கிற வேகத்துக்குக் கையும் இழுக்கத் தொடங்கிவிடும், மெதுவாக இழுப்பதற்குத் தனியாகப் பழக வேண்டும். அந்தச் சக்கரத்தின் இரைச்சலுக்குச் சின்னவன் நன்றாகத் தூங்குவான். வேகமாக மிதிக்கிற இன்டர்வெல் சுற்று முடிந்து நான் வேகத்தைக் குறைத்தால் முழித்துக்கொள்வான். சில நாள் அவன் தூங்க வேண்டுமே என்று கூடுதலாக ஓட்டியிருக்கிறேன்.

ராத்திரி இரண்டு முறைக்கு மேல் எழுந்த மறுநாள் கடினமான பயிற்சி எதுவும் கிடையாது என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். கோச் என்ன அட்டவணை போட்டாலும் சரி. அன்றைக்கு நடை, இல்லாவிட்டால் தூக்கம்.

இனி பணம் கட்டுகிற விஷயம். உடம்பை வைத்துப் பார்த்தால் ஒரு வயதுக் குழந்தையோடு 70.3 நடக்காத காரியமில்லை. அமெரிக்காவின் செல்சி சொடாரோ 2022-இல் ஹவாய்த் தீவின் கோனாவில் அயர்ன்மேன் உலகப் பட்டம் ஜெயித்தபோது அவர் மகளுக்கு ஒன்றரை வயது. சுவிட்சர்லாந்தின் நிக்கோலா ஸ்பிரிக் முதல் குழந்தைக்குப் பிறகு 2016 ரியோ ஒலிம்பிக்கில் டிரையத்லான் வெள்ளி வாங்கினார், மூன்று குழந்தைகளோடு டோக்கியோவில் ஆறாவதாக வந்தார். ஆனால் அவர்களுக்கு இதுதான் உத்தியோகம். நமக்கு உத்தியோகம் தனி. சொடாரோவே குழந்தை பிறந்த பிறகு மனப் பதற்றத்தில் தவித்ததை வெளிப்படையாகச் சொன்னவர். ஜெயித்த போட்டோவை மட்டும் பார்த்துவிட்டு, நமக்கு ஏன் முடியவில்லை என்று உட்கார்ந்து அழாதீர்கள்.

உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது செப்டம்பர். நீங்கள் ஓட்டத்தைப் பற்றியே கவலைப்படுகிறீர்கள். பந்தயம் அக்டோபர் கடைசியில் என்று வையுங்கள். நீண்ட சைக்கிள், அதிலிருந்து இறங்கியதும் ஓட்டம் என்று வாரத்துக்கு எட்டுப் பத்து மணி நேரம் போகிற வாரங்கள் எவை? ஆகஸ்ட் நடுவில் தொடங்கி அக்டோபர் முதல் வாரம் வரை. அதே செப்டம்பரில்தான் நீங்கள் பள்ளிக்கூடம் திரும்புகிறீர்கள். காலாண்டுத் தேர்வு வேறு. பாப்பா முதல் தடவையாக நாள் முழுக்க உங்களைப் பிரிந்து இருக்கும், பகலில் தேடியதற்கெல்லாம் சேர்த்து ராத்திரி விடாமல் குடிக்கும். எழுந்து நடக்கிற வயசும் அதுதான், கண் அசர முடியாது. இந்த மூன்றும் ஒரே மாதத்தில் விழுந்தால் முதலில் போவது தூக்கம், அடுத்தது பால், அதற்கடுத்தது உங்கள் பொறுமை. எனக்கு முதல் பிள்ளையின்போது வேலைக்குத் திரும்பிய மாதத்தில் ஷூ லேஸ் கட்டக்கூட மனசு வரவில்லை.

அதனால் தனியாக ஓடுவதற்கு இந்த வருஷம் கட்ட வேண்டாம் என்பதுதான் என் யோசனை. அங்கே ரிலே உண்டு. நீச்சலுக்கு ஒருவர், ஓட்டத்துக்கு ஒருவர் பிடித்துக்கொண்டு 90 கிலோமீட்டர் சைக்கிளை நீங்கள் எடுங்கள். உங்கள் உடம்பு இன்றைக்குச் சம்மதிக்கிற வேலை அது.

வண்டியூர் பழைய சைக்கிள்:

திருநகர் தங்கச்சி சொன்ன ரிலேவுக்கே என் ஓட்டும். நான் ரோட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நத்தம் ரோட்டில் பாலம் இறங்குகிற பக்கத்தில்தான் நீங்கள் இருப்பதே, பாதி மதுரைக்கு அந்த வசதி இல்லை. நாலரை மணிக்குக் கிளம்பி நத்தம் வரைக்கும் போய்த் திரும்பினாலே 60 கிலோமீட்டர் சுமாருக்கு வந்துவிடும். இந்த வெயிலில் எட்டு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும், பால் கொடுக்கிறவர் என்றால் கண்டிப்பாக. இரண்டு பாட்டில் போதாது. ஒன்றில் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் வையுங்கள். பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் நாலுவழிச் சாலையில் ஏறாதீர்கள், அந்த நேரத்தில் லாரிக்காரர் பாதித் தூக்கத்தில் வருவார். அழகர்கோவில் ரோட்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அழகர் இறங்கி வருகிற நாட்களில் மூன்றுமாவடியில் அவரை வரவேற்கிற எதிர்சேவைக் கூட்டத்துக்குள் சைக்கிளைக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டால், அவரோடு சேர்ந்து ஆற்றுக்குத்தான் போக வேண்டும்.

ஹேண்டில்பாருக்கு அடியில் இரண்டு ஸ்பேசர் வளையம் போட்டு உயர்த்துங்கள். வயிற்றுத் தையலை மடக்காமல் ஓட்டலாம். பிள்ளை பிறந்த பிறகு இடுப்பு உட்காருகிற விதமே மாறும் என்று என் வீட்டில் சொல்வார்கள். பழைய சேடில் உறுத்தினால் நடுவில் பள்ளம் வெட்டியதை வாங்குங்கள். கடையில் சொல்லக் கூச்சமாக இருந்தால் வீட்டுக்காரரைச் சொல்லச் சொல்லுங்கள், அவனவன் நாலு பேரிடம் சேடில் வலியைப் பேசிக்கொண்டுதான் இருக்கிறான்.

நீச்சலை ரேஸ்கோர்ஸ் குளத்திலேயே ஆரம்பியுங்கள். கிணற்று நீச்சல் தெம்புக்குச் சரி, தூரத்துக்கு ஆகாது. கண்மாயில் இறங்குகிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அடியில் சேறு, சேற்றுக்குள் கருவேல முள். கடல் பழக மண்டபம் பக்கம் போகலாம், தனியாக மட்டும் வேண்டாம்.

ஊமச்சிகுளம் சைக்கிள்காரி:

எல்லோருக்கும் நன்றி. பிசியோ அக்கா சொன்னதைச் சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு செய்து பார்த்தேன். நடை, ஒற்றைக்கால் நிற்பது இரண்டும் சுலபமாக வந்தன. குதிகால் தூக்குவது வலது காலில் முடிந்தது, இடது கால் பாதியிலேயே நடுங்கி நின்றுவிட்டது. நொண்டியில் சொட்டியது. பாரம் எதுவும் தெரியவில்லை. வயிறு தொப்புளுக்கு மேலே கூம்புகிறது. அடுத்த வாரம் நேரில் காட்ட நேரம் வாங்கிவிட்டேன், ரத்தத்துக்கும் கொடுத்தாயிற்று. அதுவரை ஓட்டம் இல்லை.

செப்டம்பரை நான் பந்தயத்துக்கு முந்திய மாதமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், காலாண்டுத் தேர்வு ஞாபகத்திலேயே இல்லை. வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் காலண்டரை எடுத்துவைத்துப் பார்த்துவிட்டு, "ரிலேன்னா பாப்பாவையும் கூட்டிட்டுப் போகலாம்ல?" என்றார். ஓட்டத்தை அவரே எடுப்பதாகச் சொல்கிறார். 10 கிலோமீட்டருக்கு மேல் ஓடியவர் இல்லை, ஆனால் ஆறு மாதம் இருக்கிறது. அவர் ஓடுகிற நேரத்தில் பாப்பா என்னிடம், நான் ஓட்டுகிற நேரத்தில் அவரிடம். கணக்குச் சரியாக வருகிறது.

இனி நீந்துகிற ஆள்தான் வேண்டும். மதுரை, திண்டுக்கல், தேனி, எந்தப் பக்கமானாலும் சரி, கடலில் 1.9 கிலோமீட்டரை 70 நிமிஷத்துக்குள் முடிக்கக்கூடியவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பெண்ணாக இருந்தால் அறையைப் பகிர்ந்துகொள்ள வசதி. செலவை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

திருநகர் அம்மா:

என் பெரியவளின் நீச்சல் கோச் தேனிக்காரப் பெண், கடல் பழக்கம் உண்டு. கேட்டுச் சொல்கிறேன். ஆனால் அவள் சைவம், கோவாவில் சாப்பாட்டுக்கு நீங்கள்தான் பொறுப்பு.